கையால் செய்யும் மரவில்: பிடியும் நாணும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் மூங்கிலையும் மரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு வில் செய்யத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பாதிப் பேர் பிடியைப் பற்றிக் கேட்பார்கள், மீதிப் பேர் நாண் ஓரமாக ஓடுகிறது என்பார்கள். இரண்டும் ஒரே சங்கதிதான் என்பது என் கட்சி.

முதலில் சொற்கள். இலக்கைப் பார்க்கும் பக்கம் வில்லின் முதுகு, நம்மைப் பார்க்கும் பக்கம் வயிறு. பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதி லிம்ப். தடித்த பிடியிலிருந்து மெல்லிய லிம்புக்கு இறங்கும் சரிவை இங்கே இறக்கம் என்கிறேன். நாண் உட்காரும் வெட்டு காடி. அளவு சொல்லும்போது தச்சர் கணக்கில் நூல் என்றும் வரும்; ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்.

பிடியை முதலிலேயே செதுக்கி முடித்துவிடலாமா? கையில் பிடித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஆசை இருக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். பிடி கடைசி வேலை. மரம் வளையத் தொடங்கிய பிறகுதான் நாண் எங்கே ஓடப்போகிறது என்பது தெரியும். வளையாத மரத்தில் நூல் அடித்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு இருபுறமும் சரிசமமாகப் பிடியை ஒல்லியாக்கி வைத்திருப்பீர்கள். நாண் ஏற்றினால் அது கோட்டை விட்டு இரண்டு நூல் தள்ளி ஓடும். அப்போது பிடியில் ஒதுக்க மரம் இருக்காது.

நாண் நேராகிற வரைக்கும் பிடி ஒன்றே முக்கால் அங்குல அகலத்தில் மொட்டையாக, சதுர விளிம்போடு இருக்கட்டும். லிம்பின் நுனிகளும் முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். நுனியை முதலிலேயே ஊசி மாதிரி சீவிவிடுகிற பழக்கமும் நிறையப் பேரிடம் இருக்கிறது. அதுவும் இதே கதைதான்.

நாண் நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மூன்று கட்டமாகப் பாருங்கள்.

முதல் கட்டம், நாண் ஏற்றும் முன். ஒரு நுனியின் நட்டநடுவிலிருந்து மறுநுனியின் நடுவுக்குத் தூண்டில் நரம்பை விறைப்பாகக் கட்டுங்கள். அது பிடியின் நடுவில் போகிறதா என்று பாருங்கள். இடையில் லிம்ப் பாம்பு மாதிரி நெளிந்திருந்தாலும் பரவாயில்லை. நுனி, பிடி, நுனி இந்த மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் வந்தால் போதும். அறுத்த பலகை அல்லாமல் பிளந்த மரமாக இருந்தால் நெளிவு இருந்தே தீரும். அந்த நெளிவைச் சீவி நேராக்கப் போனால் நார் அறுந்துவிடும். நார் போகிற வழியே லிம்பும் போகட்டும்.

இரண்டாம் கட்டம், தாழ்வாக நாண் ஏற்றிய பிறகு. முழு உயரத்துக்கு ஏற்ற வேண்டாம். பிடிக்கும் நாணுக்கும் இரண்டு மூன்று அங்குல இடைவெளி இருந்தால் போதும். வில்லைக் கண்ணுக்கு நேராக நீட்டி, நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் நாணையும் பிடியையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பிறகு வில்லைத் திருப்பி மறுநுனியிலிருந்தும் பாருங்கள். நாண் பிடியைக் கடக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

மூன்றாம் கட்டம், முழு உயரத்தில், ஆறு அங்குலம் அளவில், வில்லைப் பலமுறை இழுத்துவிட்ட பிறகு. முதல் இரண்டு கட்டத்தில் நேராகத் தெரிந்த நாண் மூன்றாவதில் விலகுவது சகஜம். அதிகம் வளைய வளையத்தான் ஒரு பக்கம் தடித்திருப்பது வெளியே தெரியவரும்.

நாண் வலது பக்கமாக ஓடுகிறது. எந்தப் பக்கம் சீவ வேண்டும்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

வயிற்றுப் பக்கம் உங்களைப் பார்க்கும்படி வில்லை நட்டமாகப் பிடியுங்கள். நாண் பிடியின் வலது ஓரத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு லிம்போ இரண்டுமோ வலது பக்கம் சாய்கின்றன. சீவ வேண்டியது சாய்கிற லிம்பின் வயிற்றில், இடது விளிம்பை ஒட்டி. நாண் எந்தப் பக்கம் வர வேண்டுமோ அந்தப் பக்கத்தை மெலிய வையுங்கள். விதி அவ்வளவுதான்.

காரணம் இதுதான். இடது விளிம்பு கனமாகவும் வலது விளிம்பு மெல்லியதாகவும் இருந்தால் வயிற்றுப் பரப்பு வலப்புறம் சரிந்த கூரை போல இருக்கும். லிம்ப் வளையும்போது அந்தச் சரிவுக்குச் செங்குத்தான திசையில்தான் வளைய முயலும். அதனால் நுனி நம்மை நோக்கி வருவதோடு கொஞ்சம் வலது பக்கமும் ஒதுங்கும். இடது விளிம்பைக் குறைத்துச் சரிவை மட்டமாக்கினால் ஒதுங்குவது நிற்கும். விரலும் கட்டைவிரலும் கொண்டு லிம்பின் இரு விளிம்பையும் மாற்றி மாற்றிப் பிடித்துத் தடவுங்கள். கால் நூல் வித்தியாசத்தைக் கண் தவறவிடும், விரல் விடாது. காலிப்பர் வைத்திருப்பவர்கள் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எந்த லிம்ப் சாய்கிறது என்று முதலில் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பிடியிலிருந்து மேல் லிம்பை மட்டும் பாருங்கள், பிறகு கீழ் லிம்பை மட்டும். மேலே வலமும் கீழே இடமுமாகச் சாய்ந்தால் நாண் பிடியின் நடுவில் போவதாகவே காட்டும், ஆனால் வில் கோணலாக இருக்கும். இந்த ஏமாற்று வித்தையில் சிக்காதீர்கள்.

பிடிக்குப் பக்கத்தில் உள்ள பாதியில் சீவினால் நுனி அதிகம் நகரும், நுனிப் பக்கம் சீவினால் குறைவாக நகரும். இரும்பு ரம்பத் தகட்டுத் துண்டோ உடைந்த கண்ணாடிச் சில்லோ வைத்து நீளவாக்கில் சுரண்டுங்கள். இழைப்புளி வேண்டாம், அது ஒரே இழுப்பில் அதிகம் எடுத்துவிடும். சுரண்டிய பிறகு இருபது முப்பது முறை பாதி இழுப்பு இழுத்துவிட்டு அப்புறம் பாருங்கள். மரம் புது நிலைக்கு வரக் கொஞ்சம் வேலை கொடுக்க வேண்டும். ஒரு கணக்கும் மனத்தில் இருக்கட்டும். ஒரு நுனி 4 மில்லிமீட்டர் நகர்ந்தால் பிடியில் நாண் 2 மில்லிமீட்டர்தான் நகரும், ஏனென்றால் பிடி நடுவில் இருக்கிறது.

சீவிச் சீவி லிம்ப் மெலிந்து வில்லின் பலம் போய்விடுமே?

போகும். கனத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பு நூற்றுக்கு 27 குறைகிறது. விளிம்பு ஓரம் மட்டும் சுரண்டுவதால் அவ்வளவு மோசமாகாது என்றாலும், மூன்று நான்கு நூல் விலகலை முழுக்கச் சீவியே தீர்க்கப் பார்க்காதீர்கள். பெரிய விலகலை அனலில் காட்டி நிமிர்த்துங்கள், நடுத்தரமானதைச் சுரண்டித் தீர்த்துவிடுங்கள், கடைசியில் மிஞ்சுகிற ஒரு நூலை நுனியிலும் பிடியிலும் ஒதுக்குங்கள்.

நுனியில் ஒதுக்குவது சுலபம். நாண் வலதுபக்கம் இருந்தால் நுனியின் வலது ஓரத்தைச் சீவி, வலது காடியை ஆழமாக்குங்கள். நுனியின் நடு இடதுபக்கம் நகர்ந்துவிடும். இதற்காகத்தான் நுனியை முக்கால் அங்குலம் விடச் சொன்னது.

பிடியில் ஒதுக்குவது இன்னும் சுலபம். நாண் உண்மையில் ஓடும் கோட்டைப் பிடியின் வயிற்றில் குறியுங்கள். பழைய நடுக்கோட்டை மறந்துவிடுங்கள். புதுக் கோட்டிலிருந்து இருபுறமும் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் அளந்து வெட்டினால் பிடி ஒன்றேகால் அங்குலத்துக்குள் வந்துவிடும், நாணும் நடுவில் நிற்கும். மேலிருந்து பார்த்தால் பிடி லிம்புகளிலிருந்து சற்று ஒதுங்கித் தெரியும். இறக்கத்தை நன்றாக இழைத்துக் கலந்துவிட்டால் அதுவும் தெரியாது.

அனலில் நிமிர்த்துவது எப்படி?

மூங்கில் என்றால் நெருப்பில் நேரடியாகக் காட்டாமல் அனல் படும்படி ஆட்டிக்கொண்டே இருங்கள். தோலில் எண்ணெய் வியர்த்து வரும்போது வளைக்கலாம். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே வளைத்து, முழுக்க ஆறும்வரை பிடித்து வையுங்கள்; விட்டதும் ஓரளவு திரும்பும். மரம் என்றால் அந்த இடத்தில் எண்ணெய் தடவி வயிற்றுப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சூடேற்றுங்கள். முதுகைக் கருக விடக் கூடாது. நாண் ஏறினால் இழுபடுவது முதுகுதான், கருகிய நார் அங்கேதான் பிளக்கும்.

சூடு காட்டிய அன்றைக்கே நாண் ஏற்றாதீர்கள். அந்த இடத்தில் ஈரம் முழுக்க வற்றி மொறமொறவென்று இருக்கும். நிழலில் சில நாள் கிடக்கட்டும்.

பிடி எவ்வளவு அளவு இருக்க வேண்டும்?

28 அங்குல இழுப்புக்கு 66 அங்குல வில் என்றால் பிடி 4 அங்குல நீளம், மேலும் கீழும் இறக்கம் இரண்டிரண்டு அங்குலம். முடிந்த நிலையில் அகலம் 25 முதல் 30 மில்லிமீட்டர், கனம் 40 மில்லிமீட்டர் வாக்கில். ஒல்லியாக இருக்கிறதே, ஒடிந்துவிடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். அகலம் இரட்டித்தால் விறைப்பு இரட்டிக்கும், ஆனால் கனம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். லிம்ப் 45 மில்லிமீட்டர் அகலமும் 13 கனமும், பிடி 30 அகலமும் 40 கனமும் என்றால் பிடி லிம்பைவிடச் சுமார் 19 மடங்கு விறைப்பு. அகலத்தைத் தாராளமாகக் குறைக்கலாம். கனத்தில் கை வைக்கும்போது மட்டும் யோசியுங்கள்.

அம்பு போகும் இடம் வில்லின் நடுமையத்துக்கு ஒன்று, ஒன்றேகால் அங்குலம் மேலே வரும்படி வைப்பது வழக்கம். அதனால் கை மையத்துக்குக் கீழே விழும். இதற்கு ஈடாகக் கீழ் லிம்பைக் கொஞ்சம் விறைப்பாக விடுவார்கள்.

பிடிக் கட்டை ஒட்டினேன், இழுக்கும்போது ‘டக்’ என்று தெறித்துவிட்டது. பசை சரியில்லையா?

பெரும்பாலும் பசை நிரபராதி. ஒட்டின கட்டையின் நுனி முடியும் இடத்தில் அடியில் உள்ள மரம் வளைகிறது என்று அர்த்தம். வளைகிற மரத்தின் மேல் வளையாத கட்டை உட்கார்ந்தால் எந்தப் பசையும் தாங்காது. ஒட்டுக்கோடு முடிகிற இடம் அசையவே கூடாது.

இறக்கத்தைச் செதுக்கும்போது இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. லிம்பின் முழு அகலம் முதலில் வந்துவிட வேண்டும், அதன் பிறகுதான் கனம் முழுக்க இறங்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் குறைந்தால் அங்கே கீல் மாதிரி மடியும். கட்டையின் கடைசி அரை அங்குலம் காகிதம் போல மெலிந்து மறைய வேண்டும். அதற்கும் சந்தேகம் என்றால் பிடிக் கட்டைக்கு அடியில் ஒரு நூல் கனத்தில், கட்டையைவிட நீளமான பட்டை ஒன்றை ஒட்டி, அதன்மேல் பிடியை ஒட்டுங்கள்.

மூங்கிலில் உட்புறம் குழிந்திருக்கும். அதை மட்டமாக இழைத்த பிறகே ஒட்ட வேண்டும், குழியைப் பசையால் நிரப்பக் கூடாது. அரால்டைட் மாதிரி எபாக்சி என்றால் கிளாம்பை முறுக்கி முறுக்கி இறுக்காதீர்கள், பசை முழுக்க வெளியே வழிந்துவிடும். பெவிகால் என்றால் நேர் எதிர், நன்றாக இறுக்க வேண்டும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. புதிதாக இழைத்து, தின்னரால் துடைத்து, அன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.

பிடிக்கு எந்த மரம்? லிம்புக்கு எந்த மரம்?

பிடி வளையாத பகுதி, அதனால் கெட்டியான எந்தக் கட்டையும் ஆகும். தஞ்சாவூரில் வீணை செய்யும் பட்டறைகளில் மிஞ்சும் பலாத் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். உளிக்கு அடங்கும், நன்றாக ஒட்டும், நிறமும் அழகு. பூவரசும் நல்லது.

லிம்புக்கு நான் சொல்வது மூங்கில்தான். மூங்கிலில் நார் வெளிப்புறத்தில் நெருக்கமாகவும் உட்புறத்தில் தளர்வாகவும் இருக்கும். அந்த வெளித்தோலை முதுகாக வைத்து, உள்ளேயிருந்து மட்டும் சீவினால் மரம் தேடி அலைய வேண்டியதில்லை. கணுவை முதுகுப் பக்கம் மட்டமாகச் சீவக் கூடாது. மூன்று வருடமாவது முற்றிய மூங்கில் வேண்டும். தை, மாசியில் வெட்டியது நல்லது. மழைக்காலத்தில் வெட்டியது சீக்கிரம் உளுத்துவிடுகிறது.

கஜா புயலில் சாய்ந்த மரம் இன்னும் சில தோப்புகளில் அடுக்கிக் கிடக்கிறது, சும்மாவே தருகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த காற்று அது. அப்படிப்பட்ட காற்றில் வளைந்து நின்ற மரத்துக்குள் நார் நசுங்கிய கோடுகள் குறுக்கே ஓடியிருக்கலாம். மயிரிழை போல இருக்கும், இழைத்தாலும் பல சமயம் தெரியாது. லிம்புக்கு வைத்தால் அந்தக் கோட்டில்தான் ஒடியும். பிடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பழுதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வில் வேலை செய்யலாமா?

பிடி செதுக்கலாம், காடி வெட்டலாம், ஒட்டுவேலைகூடப் பார்க்கலாம். லிம்பின் வளைவைச் சரிசெய்யும் வேலையை மட்டும் நிறுத்திவைப்பது உத்தமம். அடைமழையில் மரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈர மரத்தை வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும், பிறகு வில் சோம்பேறியாகிவிடும். நாண் நேர் பார்ப்பதும் நம்ப முடியாது. ஈரம் காய்ந்ததும் லிம்ப் முறுக்கிக்கொள்ளக்கூடும். பழைய வீடு என்றால் அடுப்படிப் பரணில் ஏற்றி வைத்துவிட்டுப் பொங்கல் கழிந்து எடுங்கள்.

லிம்ப் சாய்கிறதா, முறுக்கியிருக்கிறதா என்று எப்படிப் பிரிப்பது?

இரண்டு அடிஸ்கேல் எடுத்து, ஒன்றைப் பிடியின் மேலும் ஒன்றை நுனியின் மேலும் குறுக்கே வைத்து ஒரு முனையிலிருந்து பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை, சாய்வு மட்டும்தான். முறுக்கு கொஞ்சமாக இருந்து நாணும் பிடிக்குள் விழுந்தால் அதைத் தொடாமல் விடுங்கள்.

அம்பு நேராகப் போக வேண்டுமென்றால் நாண் சரியாக நடுவில்தான் இருக்க வேண்டுமா?

இல்லை. அம்பு போகும் பக்கம் ஒரு நூல் ஒதுங்கியிருந்தால் நல்லதுகூட.

அம்பு பிடியின் பக்கவாட்டில் உட்கார்கிறது, நாண் நடுவுக்கு வர முயல்கிறது. அதனால் விடும்போது அம்பு இலக்குக்குச் சற்று வெளியே பார்த்தபடி கிளம்பும், பிடியைச் சுற்றி நெளிந்து, வெளியே வந்து நேராகும். 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அதிவேகக் கேமராவில் படமெடுத்து இந்த நெளிவைக் கண்ணுக்குக் காட்டினார். பிடி அகலமாக இருக்க இருக்க அம்பு அதிகம் நெளிய வேண்டும், அதற்குத் தக்க தளர்வான அம்பும் வேண்டும். அம்பு போகும் இடத்தில் பிடியை 25 மில்லிமீட்டருக்குக் கொண்டுவரச் சொல்வது இதனால்தான். நாண் அந்தப் பக்கம் கொஞ்சம் ஒதுங்கியிருந்தால் அம்பின் வாலும் நுனியும் ஒரே கோட்டுக்கு நெருங்கிவிடும்.

வலக்கையால் மூன்று விரல் போட்டு இழுப்பவருக்கு அம்பு வில்லின் இடப்பக்கம் போகும். கட்டைவிரலில் இழுத்தால் வலப்பக்கம். உங்கள் நாண் தப்பான பக்கம் ஒதுங்கியிருந்தால், எதையும் சீவும் முன் வில்லைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மேல் லிம்ப் கீழ் லிம்பானால் வலம் இடமாகிவிடும். பிடி இன்னும் மொட்டையாக இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. செதுக்கி முடித்திருந்தால் முடியாது.

இடக்கைக்காரருக்கு?

அம்பு போகும் பக்கத்தைப் பற்றி மேலே சொன்னதில் வலம், இடம் இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கோதண்டராமர் பிடிக்கிற மாதிரி பிடி வைக்கலாமா?

வடுவூரிலும் தில்லைவிளாகத்திலும் ராமரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இதைக் கேட்பது நியாயம்தான். ஆனால் ராமர் செப்புத் திருமேனிகளில் பொதுவாக இடக்கை உயர்ந்து வில்லின் மேற்பகுதியைத் தொட்டிருக்கும். அது வில்லை ஊன்றி நிற்கும் கோலம், எய்யும் கோலம் இல்லை. சேவியுங்கள், அளவெடுக்காதீர்கள்.

கைக்குத் தக்கபடி பிடியை வடிவாக்குவது எப்படி?

நாண் நேரான பிறகு உட்காருங்கள். வில்லை நாண் ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு பிடித்து மெதுவாக இழுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள கவையில்தான் பாரம் விழ வேண்டும். அந்த இடத்தில் வயிற்றுப் பக்கம் சாக்பீஸ் பொடி தடவிவிட்டு மறுபடி இழுத்தால் எங்கே அழுத்துகிறது என்று உள்ளங்கையே காட்டிக்கொடுக்கும். கவை உட்காரும் இடத்தைத்தான் முதலில் அரத்தால் உருட்டிக் கொஞ்சம் ஒடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிடிக்கும்போது கை அதே இடத்துக்குப் போய் விழுந்தால் போதும்.

முதுகுப் பக்கம் விரல்கள் சுற்றுகிற விளிம்பை உருட்டுங்கள், முதுகின் நாரைத் தொடாதீர்கள். உள்ளங்கையின் அடிப்பகுதி அழுத்தும் இடத்தைக் குழிக்க வேண்டாம். குழித்தால் கை அங்கே அமுக்கும், கீழ் லிம்ப் அதிகம் வேலை செய்யும். விரலுக்கு விரல் பள்ளம் வெட்டுவது எனக்குப் பிடிக்காது. கை கொஞ்சம் இடம் மாறினால் நான்கு பள்ளமும் நான்கு முள்.

பிடியில் என்ன சுற்றலாம்?

பருத்தி நூல் போதும், வியர்வையை உறிஞ்சும். தோல் வேண்டுமென்றால் மெல்லிய ஆட்டுத்தோல். அம்பு உரசும் இடத்துக்கு மட்டும் மிருதங்கத்துக்கு வார் பிடிக்கிறவர்களிடம் மிஞ்சும் எருமைத்தோல் வாரில் ஒரு துண்டு வாங்கி ஒட்டுங்கள், வருடக்கணக்கில் தேயாது. சுற்றும் முன் மரத்துக்கு எண்ணெயோ வார்னிஷோ அடித்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு சுற்றினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே பூசணம் பிடிக்கும்.

எல்லாம் செய்தும் நாண் அரை அங்குலம் வெளியே நிற்கிறது. வில்லைத் தூக்கிப் போடவா?

நாண் பிடிக்கு வெளியே விழுந்தால் அந்த வில்லை இழுக்காதீர்கள். இழுக்கும்போது பிடி கையில் திருகும், முழு இழுப்பில் நாண் லிம்பின் ஓரம் தாண்டிக் கழன்று வில் தலைகீழாகத் திரும்பி முகத்தில் அடிக்கவும் கூடும். நாணைக் கழற்றி வைத்துவிட்டு, எந்த லிம்ப் அதிகம் சாய்கிறதோ அதை மட்டும் பிடிக்குப் பக்கத்தில் அனலில் நிமிர்த்திப் பாருங்கள். பிடியில் மரம் மிச்சமிருந்தால் அது முக்கால்வாசி தீர்ந்துவிடும். மிச்சமில்லையென்றால் ஒல்லியான பக்கத்தில் ஒரு சில்லு ஒட்டி, பிடியை அகலமாக்கி மறுபடி கோடு போடலாம். அதற்குமேலும் சரிவரவில்லை என்றால் வில்லில் தூண்டில் கட்டி மீன் பிடிக்கலாம்.